பாதிச் சவரம்

இடது கன்னத்தை வழித்து முடித்து, வலது பக்கத்துக்கு நுரை தடவும்போதுதான் அப்பாவின் மூச்சு நின்றது. மகள் முதலில் நம்பவில்லை. மூச்சுக் கருவி உர்ரென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. முகமூடியை ஒதுக்கி மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். மணி ஒன்பதே கால். பத்து மணிக்குக் கம்பெனியிலிருந்து படம் எடுக்க வருகிறார்கள்.

“இன்னும் முக்கா மணி நேரம் தாங்கக் கூடாதாப்பா?” என்றாள். சொன்ன பிறகுதான் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அழுகை வந்தது. வீட்டு நினைப்பு அதைப் பிடித்துத் தள்ளிவிட்டது.

வீடு மில்லுடையது. நூறு வருடத்துக்கு முன் பெரிய முதலாளி தொழிலாளிகளுக்கென்று கட்டிய இருநூறில் ஒன்று. வீடு கட்டினார், பள்ளிக்கூடம் கட்டினார், ஆஸ்பத்திரி கட்டினார். செத்தால் பெட்டிகூட மில் தச்சுப்பட்டறையிலிருந்து இலவசம். மகராசன்! பஞ்சு அறையில் தூசியை இழுக்க ஒரு விசிறி வைக்கத்தான் அந்த மகராசனுக்கு மனசு வரவில்லை. சங்கத்தில் சேர்ந்தவன் வீட்டுச் சட்டிபானை மறுநாளே தெருவில் கிடக்கும். தொழிலாளி கண்ணை மூடினால் முப்பது நாளில் குடும்பம் காலி செய்ய வேண்டும் என்று எழுதிவைத்தவரும் அவரேதான். அப்பா முப்பத்தெட்டு வருடம் அந்தப் பஞ்சுத் தூசியைத்தான் இழுத்தார். ஆனாலும் மில் வாசல் சிலையைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நிற்காமல் போனதில்லை. மகள் ஏதாவது சொன்னால், “கூரை குடுத்தவருடி, வாயை மூடு” என்பார். அதைச் சொல்வதற்குள் நாலு தரம் இருமுவார்.

இப்போது மில்லுக்கு நூற்றாண்டு. குடியிருப்பிலேயே மூத்தவருக்கு வீட்டைச் சொந்தமாகக் கொடுப்பதென்று அறிவித்திருந்தார்கள். அவர் சாவி வாங்குவதைப் படம் எடுப்பார்கள், பத்திரத்தில் கைரேகை வாங்குவார்கள். ஆள் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டியவன் விட்டுப்போய்ப் பதினெட்டு வருடமான மகளுக்கு இந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

நுரையைத் துடைத்தாள். பழைய மில் சட்டையை மாட்டினாள். நாற்காலியில் உட்காரவைத்து, முதுகோடு துண்டால் கட்டி, மேலே சால்வையைப் போர்த்தினாள். கண்ணாடியையும் முகமூடியையும் போட்டு, வழித்த கன்னம் வெளிச்சத்தில் தெரியும்படி முகத்தைத் திருப்பினாள். எல்லாவற்றையும் கை தன்பாட்டுக்குச் செய்தது.

கம்பெனியின் சமூகப் பொறுப்புத் துறை அதிகாரிக்குக் குடியிருப்பு வைத்த பெயர் பொறுப்பம்மா. சரியாகப் பத்துக்கு வந்தாள். பின்னால் கேமராக்காரர். அவள் கையில் சிவப்பு ரிப்பன் கட்டிய பித்தளைச் சாவி.

“தூங்கறாரா?”

“மருந்து மயக்கம் மேடம். காதுல விழும், பேச மாட்டார்.”

“அந்த முகமூடியை எடுத்தா முகம் நல்லாத் தெரியும்” என்றார் கேமராக்காரர்.

“டாக்டர் எடுக்கக் கூடாதுன்னிருக்கார் சார்.”

பொறுப்பம்மா குனிந்து சாவியை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். அவள் கை அங்கேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். கருவி மட்டும் ஓடியது.

பிறகு பொறுப்பம்மா அந்த விரல்களை ஒவ்வொன்றாகச் சாவிமேல் மடக்கி, தன் கையால் பொத்திக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். “நூறு வருஷமா உங்க ஒவ்வொரு மூச்சுலயும் கூட இருக்கோம் ஐயா” என்றாள். இன்னொரு தரம் எடுக்கச் சொன்னாள். மூன்று தரம் எடுத்தார்கள். பிழைத்தோம் என்று நினைத்தாள் மகள். பாவி மனசு, நன்றிகூடச் சொன்னது.

கேமராக்காரர் வெளியே போனதும், “பத்திரம் மேடம்” என்றாள்.

பொறுப்பம்மா பத்திரக் கோப்பை மூடிப் பையில் வைத்தாள். “அது உயிரோட இருக்கறவருக்குத்தான்மா.”

“தெரிஞ்சுதானே படம் எடுத்தீங்க?”

“பன்னெண்டு மணிக்குள்ள படம் தலைமை ஆபீசுக்குப் போகணும். வேற ஆள் தேட நேரமில்லை.”

“நான் போய்ச் சொல்லுவேன்.”

“சொல்லுங்க. செத்த அப்பாவை நாற்காலியில கட்டி வச்சதையும் சேர்த்துச் சொல்லுங்க.” குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருக்கலாம்.

பொறுப்பம்மா சாவியை அப்பாவின் விரலிடுக்கிலிருந்து உருவிக்கொண்டாள். கம்பெனி இரவல் கொடுத்திருந்த கருவியை அணைத்து, முகமூடியைக் கழற்றி, குழாயைச் சுருட்டினாள். “அடுத்த தெருவுல ஒருத்தருக்கு வேணும்” என்றாள். வாசலில் நின்று, “பெட்டிக்குப் பட்டறையில நானே சொல்லிடறேன். அது பெரிய முதலாளி காலத்துலேருந்து உள்ள வழக்கம், அதுல குறை வைக்க மாட்டோம்” என்றாள்.

அதில் மட்டும் சொன்ன சொல் தவறவில்லை. அரைமணி நேரத்தில் தச்சர் வந்தார். அவரே துண்டு முடிச்சை அவிழ்த்தார். இருவருமாக அப்பாவைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். தச்சர் நாடாவை விரித்துத் தலையிலிருந்து காலுக்கு அளந்தார், தோளை அளந்தார்.

“முப்பது நாள் கணக்கு இன்னிக்கே ஆரம்பம்மா. மெதுவா சாமான் கட்ட ஆரம்பிச்சுடுங்க.” கிளம்பும்போது திரும்பிப் பார்த்தார். “ஒரு பக்கம் விட்டுப்போச்சு போல.”

மகள் சவரக் கிண்ணத்தை எடுத்தாள். தண்ணீர் ஆறிப்போயிருந்தது. அதைக் கொட்டிவிட்டு அடுப்பில் புதிதாக வைத்தாள். கொண்டுவந்து, அப்பாவுக்குச் சூடு பொறுக்குமா என்று விரலை விட்டுப் பார்த்தாள். கொஞ்சம் பச்சைத்தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.