கதவுக்கு ஒத்தடம்

அத்தாயிக்குக் கழுத்து திரும்பவில்லை. நேற்று முழுக்கத் தலையில் மோட்டார்ச் சக்கரத்தைச் சுமந்ததில் பிடரி ராத்திரியெல்லாம் கொதித்துக் கொதித்து, விடியும்போது கட்டையாக இறுகிவிட்டது. யாராவது இடதுபக்கத்திலிருந்து கூப்பிட்டால் உடம்பையே திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. முந்தாநாள் கிண்டிய ராகிக்களியில் ஒரு உருண்டையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, சும்மாட்டை அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் புருஷன் சின்னுசாமி சக்கரத்தைத் தூக்கித் தலையில் வைத்தான்.

"எந்திரி புள்ள. மழைக்கு முன்னால ரெண்டு கல்லாச்சும் தாண்டிப்புடலாம்."

"கழுத்து போயிருச்சுங்க."

"கழுத்து போனா என்ன, தலை இருக்குதுல்ல. அதுதான வேணும் எசமாங்களுக்கு."

பக்கத்தில் இன்னொரு சுமைக்காரி பாப்பாத்தி சிரித்தாள். அவளுடைய கூடையில் மோட்டாரின் விளக்கு இரண்டும், ரப்பர் உருண்டை வைத்த பித்தளை ஊதுகுழலும் இருந்தன. உருண்டையை அமுக்கினாள். "போங்க்" என்றது. "வழி விடுங்க, மகாராணி வாராங்க!"

முதலாளி அண்ணாமலைக்கு மலைமேல் காப்பித்தோட்டம். அங்கே வாழவந்தி நாடு என்கிற பகுதியில் பங்களா. பங்களாவிலிருந்து கோயில் வரைக்கும் இரண்டு கல் தூரத்துக்கு ஒரு மண்ரோடு. போன மாசியில் இதே ஆட்கள்தான் வெறும் சோற்றுக்கு அதை வெட்டிக்கொடுத்தார்கள். ஆடி பதினெட்டுக்கு வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் வருகிறார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த ரோட்டில் மோட்டார் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. ரோடு மேலே இருந்தது, மோட்டார் கீழே இருந்தது. நடுவில் மலை. ஏறுவதற்கு ஒற்றையடிப் பாதை ஒன்றுதான்.

சேந்தமங்கலத்து அமீர் ஹம்சா தகரவேலைக்காரர், மோட்டார் ரிப்பேரும் பழகியவர். காரவள்ளி அடிவாரத்தில் வைத்து அந்தப் புது மோட்டாரை ஒவ்வொரு மறையாணியாகக் கழற்றிப் பிரித்துப்போட்டார். அடிச்சட்டத்துக்கு நாற்பது பேர். இஞ்சினை மூங்கிலில் கட்டித் தூக்கப் பதினாறு பேர். மீதிச் சாமான் ஆளுக்கு ஒன்று. மொத்தம் தொண்ணூற்றிரண்டு பேர். மேலே கொண்டுபோய்ச் சேர்த்தால் ஆளுக்கு ஒரு வள்ளம் அரிசியும் அரைப்படி உப்பும் என்று பேச்சு. வருஷத்தில் ஒருநாளாவது நெல்லுச்சோறு தின்ன வேண்டாமா?

மலையில் சுமைக்கு ஒரு வழக்கம் உண்டு. சுமைதாங்கிக் கல்லில் எடுத்த சுமை அடுத்த சுமைதாங்கியில்தான் இறங்க வேண்டும். நடுவழியில் தரையில் போட்டவனுக்குக் 'கைவிட்டான்' என்று பெயர் விழுந்துவிடும். அவன் மகனுக்குப் பெண் கேட்கப் போகிற இடத்தில்கூட அதைச் சொல்லிக்காட்டுவார்கள். முதலாளி இந்த வழக்கத்தையே தனக்குச் சட்டமாக்கிக்கொண்டார். ஒருவன் சுமையைப் போட்டாலும் தொண்ணூற்றிரண்டு பேருக்கும் கூலி இல்லை என்று அடிவாரத்திலேயே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு டோலியில் ஏறி உட்கார்ந்தார். அதற்கு நான்கு பேர்.

சின்னுசாமியின் முதுகில் மோட்டாரின் ஒரு கதவு. வைக்கோல் வைத்து, நார்க்கயிற்றால் நெஞ்சில் சுருக்குமுடிச்சுப் போட்டிருந்தான். முடிச்சின் வாலை இழுத்தால் கதவு தானே கழன்று விழும். கதவின் பளபளக்கும் கறுப்புப் பக்கம் வெளியே இருந்தது. பின்னால் ஏறிக்கொண்டிருந்த அத்தாயிக்கு அதில் தன் முகம் தெரிந்தது. சக்கரத்துக்கு அடியில் கறுத்து நசுங்கிய ஒரு முகம். அவன் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் அது தலையை ஆட்டியது.

சாரல் பிடித்துக்கொண்டது. செங்குத்தான ஒரு திருப்பத்தில், பாசிபிடித்த கல்லில் அவன் கால் சறுக்கியது.

அத்தாயி பார்த்தாள். அவன் கை நெஞ்சுக்குப் போனது. முடிச்சின் வாலைத் தொட்டது. பிறகு அதை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. கதவோடு சேர்ந்து உருண்டான். ஒரு பாறைமுனையில் கதவு மோதி நின்றது. கதவுக்கும் இன்னொரு பாறைக்கும் நடுவில் அவன் தொடை இருந்தது. பச்சை மூங்கிலைப் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம்.

சக்கரத்தைப் பாப்பாத்தியின் தோளில் தள்ளிவிட்டு ஓடினாள். இரண்டு பேர் தங்கள் சுமையைப் பக்கத்தவர்களிடம் மாற்றிவிட்டு வந்து கதவை விலக்கினார்கள். தொடை நடுவில் இன்னொரு முட்டி முளைத்ததுபோல் மடங்கிக் கிடந்தது.

"கதவு விழுகலீல்ல?" என்று கேட்டான் சின்னுசாமி. "கதவு தரையில விழுகலீல்ல?"

டோலி வந்து நின்றது. முதலாளி இறங்கினார். குனிந்தார். கதவின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். சோற்றுச்சட்டி மூடி அளவுக்கு ஒரு பள்ளம்.

"பாய், பெயின்ட் உரிஞ்சிருச்சா பாரு."

ஹம்சா சின்னுசாமியின் தொடைக்கு மேலே துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். "எலும்பு ஒடிஞ்சிருக்கு, முதலாளி. உள்ளுக்குள்ள ரத்தம் கட்டுது."

"அதையா கேட்டேன்?"

ஹம்சா எழுந்து வந்து கதவைப் பார்த்தார். "உரியல."

"பெயின்ட் அடிக்காமப் பள்ளத்தை எடுக்க முடியுமா? இந்தக் கறுப்பு சேலத்துல கெடைக்காது. பம்பாய்க்கு எழுதிப்போட்டா மூணு மாசம். தொரை வர ஆறு நாள்தான் இருக்கு."

"எடுக்கலாம். வெளியிலிருந்து தட்டினா தெறிச்சுடும். உள்பக்கம் மரத்தை வெச்சுக் கொஞ்சங் கொஞ்சமாத் தள்ளணும். மொதல்ல சூடு காட்டணும், குளுந்த பெயின்ட் அப்பளமா நொறுங்கும். மேலே போயிச் செய்யலாம், முதலாளி. இப்ப இந்த ஆளைக் கீழ எறக்கணும்."

"மேலே போற வழியில இன்னொரு தட்டு விழுந்தா? இங்கயே எடு. சூடுதான? அதோ."

பாறைச்சரிவுக்கு அடியில் மூன்று கல் கூட்டி, இருந்த காய்ந்த விறகையெல்லாம் போட்டு, அத்தாயி ஒரு சட்டி தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நொச்சியிலை போட்ட தண்ணீர். சின்னுசாமிக்கு ஒத்தடம் கொடுக்க.

"கொண்டா அதை."

"எசமாங்க, இது அவுங்களுக்குக் காச்சினதுங்க. இன்னொரு சட்டி காச்சித் தாரனுங்க."

"வெறகு எங்க இருக்கு உங்கிட்ட? ஒடிஞ்ச கால் ஒடிஞ்சதுதான், சுடுதண்ணி ஊத்துனா முளைக்கவா போவுது? கதவு அப்படியில்ல. கதவு சரியாவும். ஊத்துடி. இல்லீன்னா அத்தன பேரும் வெறுங்கையோட ஊடு போய்ச் சேருங்க."

அத்தாயி நகரவில்லை. கீழே பாதை நெடுக ஆட்கள் சுமையோடு நின்றார்கள். சுமைதாங்கி எட்டாத இடம். யாரும் இறக்க முடியாது. இஞ்சின் தூக்கிகள் மூங்கிலுக்கு ஊன்றுகோல் கொடுத்தும் முழங்கால் நடுங்க நின்றார்கள். பாப்பாத்தியின் தலையில் கூடை, தோளில் அத்தாயியின் சக்கரம்.

"குடுத்துரு புள்ள," என்றான் சின்னுசாமி, கண்ணைத் திறக்காமல். "எல்லாத்துக்கும் வவுறு இருக்குது."

அவள் ஊற்றினாள். தன் கையாலேயே ஊற்றினாள். துணியை நனைத்து, பள்ளத்தின்மேல் போட்டு, ஆறும்போது மறுபடி ஊற்றி. கறுப்புப் பெயின்டின்மேல் நொச்சியிலை ஒட்டிக்கொண்டது. ஆவி மணத்தது.

"அடியில மெத்துன்னு ஏதாச்சும் போடுங்க, பாறை உரசும்," என்று முதலாளியே சொன்னார். சின்னுசாமியின்மேல் போர்த்தியிருந்த கம்பளியைத் தன் பிரம்பால் காட்டினார். அதுவும் வந்தது. கதவு கம்பளியில் படுத்தது. சின்னுசாமி சாரலில் கிடந்தான். அவன் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

ஹம்சா கதவின் உள்பலகையைக் கழற்றினார். பலாக்கிளை ஒன்றை உளியால் உருட்டிச் செதுக்கி, துணி சுற்றி, கதவை ஒருக்களித்துச் சாய்த்து, உள்ளே வைத்து உள்ளங்கையால் தள்ளினார். பள்ளத்தின் நடுவைத் தொடவில்லை. விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வந்தார். தகரம் "டொப்" என்று ஒரு நூல் அளவு எழும்பும். மறுபடி சூடு. மறுபடி ஒரு நூல். ஒரு கீறல் இல்லை. அவர் முகம் மட்டும் யாரையும் பார்க்கவில்லை.

"மெல்ல, பாய். நோகாம," என்றார் முதலாளி.

இஞ்சின் மூங்கிலின் முன்கொம்பில் நின்ற செல்லமுத்துவின் தோளிலிருந்து ரத்தம் கசிந்து இடுப்புவரை வந்திருந்தது. அவன் நின்ற இடத்திலிருந்தே கேட்டான்.

"ஏனுங்க எசமாங்க, டோலி சும்மாதானுங்க நிக்குது? சின்னுசாமிய அதுல வெச்சுக் கீழ எறக்கிட்டா, பொழுது சாயறதுக்குள்ள சேந்தமங்கலம் ஆஸ்பத்திரி போயிரலாமுங்க."

"நான் நடந்தா மலை ஏறுறது?"

"நாங்க ஏறலீங்களா?"

"நீ ஏறப் பொறந்தவன். அவனை இங்கயே பாறைக்கு அடியில போட்டு வைங்க. மோட்டார் மேல போய்ச் சேந்ததும் நாளைக்கு நாலு பேரை அனுப்பறேன். இன்னொண்ணும் கேட்டுக்க. கதவு பழுதானதுக்கு ஆளுக்கு அரை வள்ளம் அரிசி புடிப்பேன். உப்பு கெடையாது."

அத்தாயி கதவைப் பார்த்தாள். பள்ளம் முக்கால்வாசி எழும்பிவிட்டது. அவள் முகம் அதில் ஏறக்குறைய நேராகத் தெரிந்தது. நல்ல வேலைதான். இப்படி ஒரு கை தன் புருஷனின் தொடையைத் தொட்டிருந்தால், இந்தச் சூடு அவன் உடம்பில் ஏறியிருந்தால்...

சட்டியை வைத்தாள். குனிந்து கம்பளியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். கதவின் கனத்தில் அது வரவில்லை.

"ஏய்!" என்றார் முதலாளி.

ஹம்சா பலாக்கட்டையைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். "இழு, தங்கச்சி."

கம்பளி வந்தது. அவள் திரும்பினாள். கழுத்து திரும்பாததால் பிரம்பு வருவதை அவள் பார்க்கவில்லை. கொதித்துக்கொண்டிருந்த பிடரியிலேயே விழுந்தது. முழங்கால் மடங்கியது, கம்பளியை விடவில்லை. தவழ்ந்துபோய்ச் சின்னுசாமியைப் போர்த்தினாள்.

செல்லமுத்து பின்னால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். "எறக்கு," என்றான்.

"இங்கயா?" என்றது ஒரு குரல். "கல்லு இல்லியே."

"இங்கதான். எறக்கு."

இஞ்சின் சேற்றில் உட்கார்ந்தது. பாப்பாத்தி சக்கரத்தைத் தோளிலிருந்து நழுவவிட்டாள். அது நாலடி உருண்டு புதரில் சாய்ந்தது. "எறக்கு" என்ற சொல் வளைவுக்கு வளைவு இறங்கிப் போனது. அடிச்சட்டம், இருக்கை, மற்ற மூன்று கதவுகள் எல்லாம் இறங்கின. மலைச்சரிவு நெடுக அந்த மோட்டார் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது.

முதலாளி வாயில் அந்தப் பெயர்தான் வந்தது. "கைவிட்டானுங்களா! பாட்டன் பூட்டன் செய்யாததைச் செஞ்சீங்களே, கைவிட்டானுங்களா!"

"ஆமாங்க," என்றான் செல்லமுத்து. "தொண்ணூத்திரண்டு பேரும் கைவிட்டோமுங்க. இனி எவன் எவனைச் சொல்லிக்காட்டுறது?"

எங்கோ கீழே ஒருவன் சிரித்தான். அத்தாயிக்கு அழுகை அப்போதுதான் வந்தது. புருஷன் கை முடிச்சின் வாலைத் தொட்டதே. இழுத்திருக்கலாமே.

டோலிக்காரர்கள் நால்வரும் முதலாளியின் திண்டை எடுத்துச் சின்னுசாமியின் தொடைக்கு அடியில் கொடுத்தார்கள். டோலியில் தூக்கி வைத்தபோது அவன் போட்ட சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. ஹம்சா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். மோட்டாரின் மறையாணி அத்தனையும் அதில் கிடந்து குலுங்கியது.

"பாய்! நீயுமா? அந்தப் பையை வெச்சுட்டுப் போ!"

"எல்லாரும் மறுபடி மேலே வந்தா இதுவும் வரும், முதலாளி." பிறகு அத்தாயியிடம் குரலைத் தாழ்த்தினார். "கால் நிக்கும்னு நான் சொல்லமாட்டேன், தங்கச்சி. ஆஸ்பத்திரியில வெட்டத்தான் வேணும்னும் சொல்லலாம். சீக்கிரம் போவோம்."

பாப்பாத்தி ஊதுகுழலோடு முன்னால் ஓடினாள். "போங்க்... போங்க்..." ஒவ்வொரு திருப்பத்திலும் ஆட்கள் பாறையோடு ஒட்டி வழிவிட்டார்கள். விட்டவர்கள் பின்னாலேயே சேர்ந்துகொண்டார்கள். தோள் மாற்றத் தோள் மாற்ற ஆள் இருந்தது.

அத்தாயி கடைசியாக நகர்ந்தாள். தலையில் ஒன்றும் இல்லை. கழுத்து அப்போதும் சுமந்துகொண்டுதான் இருந்தது. பாறையில் கிடந்த கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம் மிச்சம் இருந்தது. அதன் பக்கத்தில், நனைந்த வேட்டியோடு, ஏறவும் தெரியாமல் இறங்கவும் தெரியாமல் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

"இந்தப் பள்ளம் நாங்க எடுத்துத் தரவேண்டியதுங்க, எசமாங்க," என்றாள். "இல்லீன்னு சொல்லல. நீங்க தரவேண்டியது ஒரு காலு."