டோர்க் றெஞ்சுக்கு இரண்டு வீடு

அனோஜினி மோட்டார் சைக்கிள் வாங்கினாள் என்று சொல்வது அவ்வளவு சரியில்லை. அவள் வாங்கியது ஒரு சட்டகம், இரண்டு சில்லு, நாலு காட்போர்ட் பெட்டி நிறைய உதிரிப்பாகம். எண்பத்திரண்டாம் ஆண்டு ஹொண்டா. விற்ற மனிதர் அதைப் பாதி கழற்றியிருந்தாராம். மீதியைக் கழற்றுவதற்குள் கலியாணம் கட்டிவிட்டாராம். எஞ்சின் மட்டும் இறுகிப்போய்ச் சட்டகத்திலேயே கிடந்தது.

"இதை ஓட்டப் போறீரோ, இல்லாட்டி எண்ணப் போறீரோ?" என்று கேட்டான் கணவன் ரதீசன். அவன் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல்காரன்; பெட்டிகளுக்குள் எட்டிப் பார்த்தபோது அவனுக்குச் சுண்டல்தான் ஞாபகம் வந்தது.

அனோஜினி துறைமுகப் பக்கத்தில் ஒரு வெயார்ஹவுஸில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். அங்கே மெக்கானிக் வரும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்ப்பாள். பார்த்துப் பார்த்து, இதை நானும் செய்வேன் என்ற எண்ணம் முப்பத்தெட்டு வயதில் வந்து உட்கார்ந்துவிட்டது. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவர்கள் இருந்த கட்டடத்தின் பின்சந்தில் வீட்டுக்காரரின் பழைய கொட்டில் ஒன்று சும்மா கிடந்தது. இடம் கிடைத்தாயிற்று. திருத்துகிற ஆயுதங்கள்தான் இல்லை.

"இருநூற்றைம்பது டொலர். அதுக்கு மேல ஒரு ஸ்பனரும் இல்லை," என்று அவளே எல்லை போட்டாள். புதுச் சாமானாக வாங்கினால் அது அரைப் பெட்டி ஆயுதத்துக்கும் காணாது என்று தெரிந்துதான் போட்டாள்.

ஜூலை முதலாம் திகதி ஊரே வீடு மாறுகிற நாள். நடைபாதை நெடுக எறிந்த சாமான்கள். காலை ஆறு மணிக்கே சொப்பிங் வண்டிலோடு இறங்கினாள். உறுதியான ஒரு மேசை, இரும்பு வாளி, இரண்டு பழைய கார் டயர். மெத்தைகள் நிறையக் கிடந்தன. மூட்டைப்பூச்சிப் பயத்தில் கிட்டவும் போகவில்லை. டயர்களை நிலத்தில் போட்டு, மோட்டார் சைக்கிளை அவற்றின்மேல் பக்கவாட்டில் படுக்க வைத்து, எஞ்சினைப் பிடித்திருந்த ஆணிகளைக் கழற்றிவிட்டுச் சட்டகத்தை மேலே தூக்கினாள். எஞ்சின் டயரில் குந்திக்கொண்டது. எஞ்சின் தூக்கும் கிரேன் ஒன்றின் வாடகை மிச்சம்.

எல்லாம் இப்படிச் சுகமாகப் போகவில்லை. டொலர் கடையில் வாங்கிய நட்சத்திர ஸ்குறூ றைவரால் பக்கமூடியின் ஆணிகளைத் திருகப்போய் இரண்டின் தலையை மழுக்கிவிட்டாள். யப்பான் ஆணித்தலையின் வெட்டு வேறு மாதிரி என்பது பிறகுதான் தெரிந்தது. அடகுக்கடை ஒன்றில் ஐந்து டொலருக்கு ஒரு கனத்த றைவர் கிடைத்தது. பின்பக்கம் சுத்தியலால் அடித்தால் முனை தானாகத் திரும்பும். முதல் அடியில் ஆணி அசைந்தபோது அவள் கத்திய கத்தலுக்கு மூன்றாம் மாடிக் கிரேக்கப் பெண்மணி பல்கனிக்கு ஓடிவந்தாள்.

வீட்டில் ரதீசனின் மஃபின் தட்டு காணாமல் போனது.

"அனோ, அதில பன்னிரண்டு குழி இருந்தது."

"ஓம். பன்னிரண்டு சைஸ் ஆணியும் இருக்கு," என்றாள் அவள்.

பெரிய தலையிடி டோர்க் றெஞ்ச். நட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவை அதில் வைத்தால், அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும். கூட இறுக்கினால் ஆணி முறியும், குறைய இறுக்கினால் எண்ணெய் கசியும். அது இல்லாமல் எஞ்சினை மூடக்கூடாது என்று பெட்டியோடு வந்த ஹொண்டா திருத்தப் புத்தகம் தடித்த எழுத்தில் சொன்னது. நல்லதொன்றின் விலை அவளுடைய முழு எல்லையையும் விழுங்கிவிடும்.

ஓகஸ்டில் இல்-பிசார் தீவில் ஒரு தெரு முழுக்க கராஜ் சேல் என்று கேள்விப்பட்டுப் போனாள். ஒரு வீட்டு வாசலில் நீளச் சிவப்புப் பெட்டி, உள்ளே டோர்க் றெஞ்ச். அவள் கை வைத்த அதே கணம் மறுமுனையில் இன்னொரு கை விழுந்தது.

"நான்தான் முதல்," என்றார் அந்த மனிதர் ஆங்கிலத்தில். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "தமிழோ?" என்றார்.

"ஓம். நான்தான் முதல்," என்றாள் அனோஜினி தமிழில்.

அவர் பெயர் வலன்ரைன். மன்னார்க்காரர், ஸ்கூல் பஸ் ஓட்டுபவர், வீடு இரண்டு தெரு தள்ளி. அவரிடமும் ஒரு பழைய யமஹா, பிரித்துக் கட்டுவதற்காக. இரண்டு பேரும் விடவில்லை. வீட்டுக்காரப் பெண் இவர்களைப் புருசன் பெண்சாதி என்று நினைத்து, சண்டை பிடிக்காதீர்கள், நாற்பதுக்குத் தருகிறேன் என்று பிரெஞ்சில் சமாதானம் செய்தாள். ஆளுக்கு இருபது போட்டார்கள். பிரிந்த தாய் தகப்பன் பிள்ளையை வைத்திருப்பதுபோல ஒரு வாரம் அவளிடம், ஒரு வாரம் அவரிடம். சனிக்கிழமைகளில் மனைவி பிரியந்தியை மீன் வாங்க பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு அவர்தான் கூட்டிவருவார். மீன்கடை வாசலில் கைமாற்றம்.

ஐப்பசி முடிவதற்குள் மீன்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. ரதீசனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, உம்மட மனிசி கிழமைக்குக் கிழமை ஒராளோட ஏதோ பெட்டி மாத்துறா," என்றார்.

"ஓம் அண்ணை. அவையின்ர பிள்ளை," என்றான் ரதீசன், விளைமீனைக் காட்டியபடி.

குளிர்காலத்தில் கொட்டிலுக்குள் நிற்க முடியாது. எஞ்சினின் தலைப்பகுதி குசினி மேசைக்கு வந்தது. வால்வுகளைத் தீட்டினாள், கரியைச் சுரண்டினாள். ஒன்லைனில் எடுப்பித்த, கசிவு தடுக்கிற கேஸ்கெட்டும் வளையங்களும் எப்படியோ வலன்ரைனின் வாரத்தில்தான் வந்து சேரும். அவள் காத்திருப்பாள். "உங்கட வேலை எப்பிடிப் போகுது அண்ணை?" என்று கேட்டால், "போகுது தங்கச்சி, போகுது," என்பார் அவர்.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை இரவு வீட்டுக்காரர் வந்து, திங்கட்கிழமை கொட்டில் கூரை பிரிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எஞ்சின் வாய் பிளந்தபடி கிடந்தது. பிரித்த கூரைத் தூசி சிலிண்டருக்குள் விழுந்தால் குளிர்கால வேலை முழுக்க மண். ஞாயிற்றுக்கிழமைக்குள் மூட வேண்டும். றெஞ்சோ அன்று காலைதான் வலன்ரைனிடம் போயிருந்தது. ஞாயிறு காலை போன் எடுத்தாள், அடித்துக்கொண்டே இருந்தது. ரதீசன் வேலையிடத்துச் சுற்றுலாவுக்குச் சமைக்கக் காரோடு போயிருந்தான்.

மெட்ரோ, ஒரு பஸ், இன்னொரு பஸ்ஸுக்கு நாற்பது நிமிடக் காத்திருப்பு. இல்-பிசாரில் இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது பகல் ஒரு மணி. பிரியந்தி கதவைத் திறந்தாள். "கோயிலால இப்பதான் வந்தனாங்கள். அவர் கராஜுக்குள்ள."

கராஜுக்குள் வலன்ரைன் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே யமஹா, நீலத் தறப்பாளால் போர்த்தி, கயிறு கட்டி. தறப்பாளின்மேல் தூசி. அவள் போய் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு ஆணிகூடக் கழற்றப்படவில்லை. சிவப்புப் பெட்டி சுவரோரம் ஒழுங்காக இருந்தது.

"அண்ணை, இது என்ன?"

அவர் எழும்பினார், திரும்ப உட்கார்ந்தார்.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ."

"ஒன்பது மாசம்! ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தனான். நீங்கள் இதைத் தொடவே இல்லையே!"

"வண்டி இப்ப கிடக்குது, ஓடாது, ஆனா முழுசா இருக்கு," என்றார் அவர் மெல்ல. "திறந்துபோட்டு மூடத் தெரியாமப் போனா? ஒவ்வொரு கிழமையும் அந்தப் பெட்டி வீட்டுக்கு வரேக்க, இந்தக் கிழமை துவங்குவன் எண்டு நினைப்பன். பெட்டி வேண்டாம் எண்டு உங்களிட்டச் சொன்னா, நான் விட்டிட்டன் எண்டு ஆகிடும்."

அனோஜினிக்குக் கோபம் நெஞ்சு வரை வந்து நின்றது. நல்ல நாலு வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த மனிதர் தன் பெருவிரலால் கதிரைக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்த விதத்தில், முதல் ஆணியின் தலை மழுங்கிய அன்று குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுத தன்னையே பார்த்தாள். அதை ரதீசனுக்குக்கூட அவள் சொன்னதில்லை.

"நான் ரெண்டு ஆணியை நாசமாக்கின பிறகுதான் மூண்டாவது கழண்டது," என்றாள். "எழும்புங்கோ. கார்ச் சாவி எங்க? எனக்குத் துணைக்கு ஒராள் வேணும்."

கொட்டிலில் பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கினார்கள். வலன்ரைன் புத்தகப் படத்தைப் பிடித்துக்கொண்டு எந்த நட்டுக்குப் பிறகு எது என்று வாசித்தார். நடுவிலிருந்து வெளியே, மூலைக்கு மூலை. முதற் சுற்று கொஞ்சம், இரண்டாம் சுற்று இன்னும் கொஞ்சம், மூன்றாம் சுற்று முழு அளவு. ஒவ்வொரு 'டிக்'குக்கும் அவர் தலையாட்டினார். கடைசி நட்டில் சத்தம் வரத் தாமதித்தது. அனோஜினி கைபிடியை இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

டிக்.

"அவ்வளவுதானோ?" என்று கேட்டார் வலன்ரைன்.

"அவ்வளவுதான் அண்ணை."

அவர் படத்தை ஒருமுறை, எஞ்சினை ஒருமுறை பார்த்தார். பிறகு அனுமதி கேட்காமலே அந்தக் கடைசி நட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

ஜூன் நடுவில் ஹொண்டா ஸ்ரார்ட் எடுத்தது. முதல் நாள் சந்து முழுக்க வெள்ளைப் புகை; இரண்டாம் நாள் கொஞ்சம்; மூன்றாம் நாள் இல்லை. பதிவும் காப்புறுதியும் முடித்து, அடுத்த சனிக்கிழமை அடிக்கிற றைவரையும் சுத்தியலையும் முதுகுப் பைக்குள் போட்டுக்கொண்டு அனோஜினி பாலம் தாண்டி இல்-பிசாருக்கு ஓட்டினாள். ஆற்றுக் காற்று ஹெல்மெட்டுக்குள் நுழைந்து விசிலடித்தது.

யமஹாவின் தறப்பாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பிளாஸ்ரிக் பைகள் அடுக்கி, ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் எழுதியிருந்தார்: இடப்பக்க மூடி, வலப்பக்க மூடி, தெரியாதது.

"பைதான் முதல்ல எழுதினனான்," என்றார் வலன்ரைன். "சரியோ?"

"நல்ல சரி. எங்க, இதைப் பிடியுங்கோ. முனையை நல்லா அமத்துங்கோ. அமத்தினபடி அடியுங்கோ."

அவர் சுத்தியலை ஓங்கினார், தயங்கினார், திரும்ப ஓங்கினார். குசினி யன்னலில் நின்ற பிரியந்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.