விடுப்பு என்றொரு ஊழியர்

அக்கா வீடு மாறினாள். கூடமாட இருக்க ஒருநாள் விடுப்பு வேண்டியிருந்தது. மென்பொருள் பிரிவில் வேலை பார்த்த தங்கை, அலுவலக இணையதளத்தில் 'ஊழியர்/விடுப்பு' என்ற முகவரியைத் தட்டினாள். விண்ணப்பம் வரவில்லை. விடுப்பு என்ற பெயரில் ஓர் ஊழியரின் பக்கம் வந்தது. குழுத் தலைவர், மூன்றாம் மாடி, ஜன்னலோர இருக்கை.

போய்ப் பார்த்தாள். நாற்காலி, கணினி, பெயர்ப்பலகை எல்லாம் இருந்தன. ஆள்தான் இல்லை. மேலாளரிடம் கேட்டால், அலுவலகமே தேடிப் போகிற மனிதர், யாரிடமும் முகம் சுளித்ததில்லை என்று பெருமைப்பட்டார்.

அவளுக்கு விஷயம் பிடிபட்டது. தளம் முகவரிகளை மரம் போல அடுக்கி வைத்திருந்தது. 'ஊழியர்' என்ற இடத்தில் இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்றில் 'விடுப்பு' என்றே எழுதியிருந்தது. மற்றது வெற்றுக் கிளை. என்ன பெயர் வந்தாலும் ஊழியராகப் பதிந்துகொள்ளும். யாரோ வெற்றுக் கிளையை முதலில் வைத்துவிட்டார்கள். பதிந்த பெயருக்கெல்லாம் நிர்வாகம் நாற்காலி போட்டுவிட்டது.

எழுதிய கிளையை முதலில் பார், வெற்றுக் கிளை கடைசியில் என்று வரிசையை மாற்றினாள். விண்ணப்பம் திறந்தது. விடுப்பும் கிடைத்தது.

அக்கா வீட்டுப் பீரோவைப் படியில் இறக்கும்போது அலுவலகக் கணக்காளரிடமிருந்து போன் வந்தது. தளத்தில் பெயரைப் பார்த்துத் திறக்கும் அலுவலகக் கதவு அவரை உள்ளே விடவில்லையாம். எதைக் கேட்டாலும் கேள்வியாகவே பதில் சொல்வதால் அவருக்கு 'விடுகதை' என்று பெயர். தளத்திலும் அப்படியே பதிந்திருந்தார்கள். அட்டையைக் காட்டினால், அப்படி யாரும் இல்லை என்றதாம் கதவு.

"நான் இல்லைன்னா இப்ப பேசுறது யாரும்மா?" என்றார் அவர்.

எழுத்தெழுத்தாக ஒப்பிடும் தளம், 'விடு' வரை பொருந்தியதால் விடுப்பின் கிளைக்குள் போய், அங்கே 'கதை'யைக் காணாமல் முட்டி நின்றிருந்தது. பொருந்தாவிட்டால் பிரிந்த இடத்துக்கே திரும்பி வந்து வெற்றுக் கிளையையும் பார் என்று, படியில் உட்கார்ந்தே ஒரு வரி சேர்த்தாள். கதவு திறந்தது.

மறுநாள் மேலாளர் முகம் வாடியிருந்தது. விடுப்பின் பக்கம் இப்போது திறப்பதில்லை.

"சொல்லாம கொள்ளாம போயிட்டாரே. நம்ம மேல ஏதாவது வருத்தமா?"

அப்படி ஒரு ஆளே கிடையாது என்று அவள் பொறுமையாக விளக்கினாள். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேறு ஆள் கிடைக்கும்வரை அந்த இடத்தை நீயே பார்த்துக்கொள் என்றார்.

ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். குழுவினர் ஒவ்வொருவராக வந்து, முன்பிருந்தவர் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை என்று காதில் போட்டுவிட்டுப் போனார்கள். மதியம் ஒருவரிடம் முடியாது என்றாள். மாலைக்குள் அவள்மேல் புகார் போனது.