கொள்ளிடக்கரையில் ஒரு பறக்கும் படகு

என் வூட்டுக்காரரு கடைசியா எழுதின கடுதாசியில பாதிக்கு மேல அந்தப் படகைப் பத்தித்தான். எனக்கு வந்த கோவத்துக்கு அதைச் சுருட்டி அடுப்புல போட்டிருப்பேன். வூட்டுல ஒத்தையா கெடக்குறவளுக்கு, சாப்பிட்டியா, தூங்குனியான்னு ரெண்டு வரி எழுதினா என்னவாம்? நாப்பத்திரண்டு முழம் நீளமாம். ஏரியில மெதக்குமாம், அப்படியே எழும்பிப் பறக்குமாம். இறக்கை தலைக்கு மேல ஒரு கட்டையில நிக்குமாம், அது மட்டும் அறுபத்தொம்போது முழமாம். ரெண்டு பக்கமும் கண்ணாடி கொப்புளம் மாதிரி பொடைச்சிருக்குமாம், அதுல உக்காந்து குனிஞ்சா கடலே காலடியில கெடக்குமாம்.

அவரு ஒண்ணும் பைலட்டு இல்லை. ஏலாக்குறிச்சிக்குத் தெக்கே கொள்ளிடத்துல ஓடம் தள்ளுற குடும்பம் நாங்க. சண்டைக்கு ஆள் எடுத்தப்ப, ஓடம் தெரியும்னு சொல்லி மெட்ராஸ் பக்கத்துல ஒரு பெரிய ஏரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பறக்குற படகுக்கு எண்ணெய் ஏத்துறதும், அது தண்ணியில எறங்கினா கயிறு போட்டுக் கட்டுறதும்தான் வேலை.

நாப்பத்தி நாலாம் வருசம் ஆவணி மாசம் இங்கிலீசுல ஒரு கடுதாசி வந்துச்சு. பள்ளிக்கூடத்து வாத்தியாரு படிச்சுச் சொன்னாரு. சிலோனுக்குப் போன படகு ஒண்ணு திரும்பலை. அங்க கயிறு கட்ட ஆள் வேணும்னு இவரையும் ஏத்திக்கிட்டுப் போயிருக்காங்க. தேடிக்கிட்டிருக்கோம்னு எழுதியிருந்துச்சு.

மாமியாரு அமலோற்பவமேரி அன்னைக்கே தலையை விரிச்சுப் போட்டுட்டாங்க. கல்லறைத் திருநாளுக்குள்ள துக்கப் பூசை வச்சிரணும்னு ஒரே புடி. "தேடுறோம்னுதானே எழுதியிருக்கான்? கெடைக்கலைன்னா எழுதியிருக்கான்?"னு நான் கத்தினேன். உசுரோட இருக்குறவருக்கு யாராச்சும் துக்கப் பூசை வைப்பாங்களா?

நேரா ஏலாக்குறிச்சிக் கோயிலுக்குப் போயி அடைக்கல மாதா முன்னாடி முட்டி போட்டு நேர்ந்துக்கிட்டேன். எங்க பக்கம் கால்ல வந்த நோவு போச்சுன்னா வெள்ளியில கால் வைப்பாங்க. புள்ளை பொறந்தா மரத்தொட்டில். எதுல ஆபத்தோ அதோட உருவத்தைச் செஞ்சு, காரியம் பலிச்சதும் கொண்டாந்து வைக்கணும். கொறை இல்லாம இருக்கணும். நான் காரியம் பலிக்குறதுக்கு முன்னாடியே உளியைக் கையில எடுத்தேன். செஞ்சு வச்சுக்கிட்டா அந்தம்மா கொடுத்துத்தானே ஆகணும்?

எங்க அப்பா ஓடம் செப்பம் பண்ணுறவரு. அவரு உளியும் இழைப்புளியும் என்கிட்டதான் இருந்துச்சு. பொம்பளை உளி புடிக்கலாமான்னு துறையில நாலு பேரு கேட்டாங்க. புடிச்சா என்ன, கை அழுகிடுமா? கல்யாண முருங்கைக் கட்டை ஒண்ணு வெட்டிக் காயவச்சேன். பஞ்சு மாதிரி எடை இல்லாத மரம். ஒரு முழத்துக்கு அரை விரக்கடை, அரை விரல் அகலம்னு கணக்கு வச்சேன். உடம்பு இருபத்தோரு விரக்கடை.

காலையில கஞ்சி காய்ச்சி வச்சுட்டு ஆத்தங்கரைப் புங்க மரத்தடியில உக்காந்தா பொழுது போறதே தெரியாது. ஆத்துல தண்ணி நெறைய. வானம் முழுக்க அதுல கெடக்கும். சீவச் சீவ மரத்தூள் பறந்து போயி தண்ணியில விழும். கண்ணை மூடினா அந்தக் கண்ணாடிக் கொப்புளத்துல நானும் அவருக்குப் பக்கத்துல உக்காந்திருப்பேன். கீழ திருமானூரு, ஏலாக்குறிச்சிக் கோயிலு, எங்க வூட்டுக் கூரை, கூரை மேல காயுற என் பொடவை. அவரு ஒண்ணும் பேச மாட்டாரு. எனக்குக் கோவமே வராது. கண்ணைத் தொறந்தா மடி முழுக்கச் சீவல் கெடக்கும், வெயிலு மரத்தைத் தாண்டி நகந்திருக்கும். அப்படி எத்தனை நாளு போச்சுன்னு எனக்கே தெரியலை.

இறக்கையில மட்டும் அவரு சொன்னதை நான் நம்பலை. உடம்பை விட நீளமா யாராச்சும் இறக்கை வைப்பானா? எங்க ஊருல படகை விட நீளமா துடுப்பு செஞ்சா சிரிப்பாங்க. அவசரத்துல தப்பா எழுதிட்டாருன்னு நானே கொறைச்சு வெட்டினேன். அடியில ஓடத்துக்குப் பூசுற மாதிரி கீலும் பூசி வச்சேன்.

பொரட்டாசி மாசம் ஒரு நாளு மத்தியானம் காக்கிச் சட்டை போட்ட ஆள் ஒருத்தரு வந்தாரு. பேரு மாயவன், ஆண்டிமடத்துக்காரரு. அதே ஏரியில என் வூட்டுக்காரருகூட வேலை பாக்குறவராம். லீவுல வந்திருக்காரு. கையில ஒரு துணி மூட்டை. அதைக் கீழ வைக்கவே இல்லை, நெஞ்சோட அணைச்சுப் புடிச்சிருந்தாரு. மாமியாரு அவரு என்ன சாதியோன்னு தண்ணி கொடுக்க வேற ஏனம் தேடினாங்க. நான் என் வூட்டுக்காரரு குடிக்குற செம்புலயே மொண்டு கொடுத்தேன்.

குடிச்சுட்டு அவரு மெதுவா, "தங்கச்சி, நான் வந்தது..."ன்னு ஆரம்பிச்சாரு.

மூட்டையைப் பாத்தேன். படக்குன்னு எந்திரிச்சேன்.

"இருங்கண்ணே. நீங்க அதைக் கண்ணால பாத்தவங்க. மொதல்ல இதைப் பாருங்க"ன்னு படகைத் தூக்கி அவரு கையில வச்சேன்.

ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "அச்சு அசலா இருக்கு. இறக்கைதான் குட்டை."

"அவரு எழுதினது நெசமா?"

"நெசம்தான். நாங்க ரெண்டு பேரும் கயிறு புடிச்சு அளந்தோம். அறுபத்தொம்போது முழம்."

அந்த மனுசன் எழுதினதை நம்பாமப் போயிட்டேனே. இறக்கையைப் புடுங்கிப் போட்டுட்டு, "அப்ப புதுசா செய்யணும். ஒத்தாசைக்கு இருப்பீங்களா?"ன்னு கேட்டேன். அவரு மூட்டையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "இருக்கேன்"னாரு.

துறையில இருந்த கொட்டாயில படுத்துக்கிட்டாரு. மறுநாளு பூராவும் இறக்கை செஞ்சோம். அதுக்கு மறுநாளு இறக்கை முன்னாடி சுத்துற ரெண்டு காத்தாடி. இறக்கை நுனியில தண்ணிக்கு முட்டுக் கொடுக்க ரெண்டு குட்டி மெதவை இருக்கும்னாரு, அதையும் செஞ்சோம். கண்ணாடிக் கொப்புளத்துக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சு, கோழி முட்டையை ஊசியால குத்திக் காலி பண்ணி, ஓட்டைப் பாதியா ஒட்டினோம். வெயில்ல புடிச்சா உள்ள விரலு தெரிஞ்சுது. சண்டை, சிலோன், கடல் எதையும் நாங்க பேசலை. கட்டையை இன்னும் கொஞ்சம் சீவு, இங்க வழவழன்னு இருக்கணும், அவ்வளவுதான் பேச்சு. அவரு வாயைத் தொறக்குறப்பெல்லாம் நான் ஒரு கொறை கண்டுபுடிச்சேன். வாலு கோணலா இருக்கு. கட்டை ஆடுது. மெதவை ஒண்ணு பெருசு.

மூணாம் நாளு சாயங்காலம் கொறை எதுவும் மிச்சமில்லை. நான் பெருவெரலை வச்சு ஒரு முட்டை ஓட்டை நசுக்கிட்டு, "அடடா, ஒடஞ்சிருச்சே"ன்னேன். அவரு பாத்துட்டாரு. இன்னொரு முட்டையை எடுத்து ஊசியால குத்த ஆரம்பிச்சாரு.

அதைப் பாத்ததும் என் மேலயே எனக்கு அருவருப்பா போச்சு. பாவம், அந்த மனுசன் சுமந்துக்கிட்டு வந்த பாரத்தை எறக்க விடாம மூணு நாளா நிக்க வச்சிருக்கேன்.

ஓடு ஒட்டி முடிஞ்சுது. "கொறை ஏதும் இருக்காண்ணே?"

"ஒண்ணுமில்லை தங்கச்சி."

"அப்ப சொல்லுங்க."

சொன்னாரு. சிலோன் கரையில பொணமா ஒதுங்கின அஞ்சு பேருல என் வூட்டுக்காரரும் ஒருத்தரு. அடையாளம் சொல்ல மாயவனைத்தான் அனுப்பினாங்களாம். முகத்தை வச்சு ஒண்ணும் தெரியலை, கழுத்துல கயித்துல தொங்குன மாதா படத் துணி, அந்த உத்தரியத்தை வச்சுத்தான் சொன்னாராம். அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க. மூட்டையை அவுத்தாரு. ஒரு சட்டை, அந்த உத்தரியம்.

மாமியாரு மண்ணுல விழுந்து பொரண்டாங்க. எனக்கு அழுகை வரலை. மாதா மேல கோவம் வந்துச்சு, வூட்டுக்காரரு மேல வந்துச்சு, கடைசியில படகு மேலயும் வந்துச்சு. தூக்கி ஆத்துல எறியலாம்னு கையில எடுத்தேன். எடையே இல்லை. எறிய மனசு வரலை.

மறுநாளு காலையில மாமியாரால எழுந்திரிக்க முடியலை. நான்தான் படகைத் தூக்கிக்கிட்டு ஏலாக்குறிச்சிக்கு நடந்தேன். வழியெல்லாம் காத்து அந்த இறக்கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டே வந்துச்சு, நான் நடக்குறேனா மெதக்குறேனான்னு தெரியலை.

கோயில் வாசல்ல உபதேசியாரு அடைக்கலசாமி நின்னுக்கிட்டிருந்தாரு. பூசைக்குப் பேரு எழுதுறது அவருதான். என் கையில படகைப் பாத்ததும் அவரு மூஞ்சியெல்லாம் சிரிப்பு. "நேர்ச்சையைக் கொண்டாந்துட்டியா செபஸ்தி? வந்துட்டானா?"

இல்லைன்னு தலையை ஆட்டினேன். அவரு சிரிப்பு அப்படியே அடங்கிப் போச்சு.

"பூசைக்கு எழுதுங்க"ன்னேன். உடம்பு இல்லாத துக்கப் பூசைக்கு எங்க கோயில்ல வெறும் பொட்டியைக் கறுப்புத் துணி போட்டு நடுவுல வைப்பாங்க. "பொட்டி வெறுமையா இருக்க வேணாம். இதை உள்ள வச்சிருங்க."

உபதேசியாரு படகை ரெண்டு கையாலயும் வாங்கி மேசை மேல வச்சாரு. நோட்டைத் தொறந்தாரு. அவருக்குத் தெரியாத பேரில்லை, ஆனா வூட்டு ஆளு சொல்லி எழுதுறதுதான் மொறை. பேனாவை மையில தொட்டு வச்சுக்கிட்டு, தலையைத் தூக்காமலே, "பேரு?"ன்னாரு.

தாலி கட்டின நாளுலேருந்து நான் அந்தப் பேரைச் சொன்னதில்லை. எங்கள்ல பொண்டாட்டி சொல்லக் கூடாது. சொன்னா அவரு ஆயுசு கொறைஞ்சிரும்.

"சவரிநாயகம்"னேன். சத்தமே வரலை. மறுபடியும் சொன்னேன், எழுதிக்கிட்டாரு.