ஒரு மணிச் சங்கு

வீண்செலவு ஒழிப்புக் குழு செஞ்சிக்கு மூன்று காரில் வந்து இறங்கியது. ஒரே காரில் வந்தால் யார் மதிப்பார்கள்?

ஏசி அறையில் உட்கார்ந்து எந்தத் திட்டம் தண்டம், எந்த ஆள் தண்டம் என்று அலசுவார்கள். மத்தியானம் எதிரே இருக்கும் என் மெஸ்ஸில் மீன் குழம்பு. அவர்கள் கண்டுபிடித்த தண்டங்களில் என் வீட்டுக்காரர் பச்சமுத்துவும் ஒருவர். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பேரூராட்சிச் சங்கை வேளாவேளைக்கு ஊதுவது அவர் வேலை. பக்கத்துச் சிங்கவரம் கொல்லைகளில் வேலை செய்கிறவர்கள்கூட அதைக் கேட்டுத்தான் சாப்பாட்டுக்குக் கரையேறுவார்கள். மெஸ் வருமானம் வாடகைக்கே சரி. அவர் சம்பளத்தில்தான் மகள் அறிவுமதி வெளியூரில் நர்சிங் படித்தாள்.

"எல்லார் கையிலயும் செல்போன் இருக்குது. சங்கு எதுக்கும்மா?" என்று என் சோற்றைத் தின்றுகொண்டே என்னிடமே கேட்டார் குழுத் தலைவர் இளையபெருமாள். வயிறு எரிந்தது. ரசம் ஊற்றினேன்.

சாயங்காலமே சங்கை நிறுத்தி, அவரை வேலையிலிருந்து எடுத்து உத்தரவு போட்டுவிட்டார்கள். "இன்னாமே, நான் தண்டமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் சங்கு ஊதவில்லை. குழுவும் சாப்பிட வரவில்லை. அங்கே ஒரு வழக்கம். தலைவர் எழாமல் யாரும் எழக்கூடாது. கூட்டத்தில் செல்போனை எடுத்தால் அவருக்குக் கோபம் வரும். அவரோ பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். "சாப்பிடப் போலாம் சார்" என்று சொல்லும் தைரியம் இத்தனை நாளும் சங்குக்கு மட்டும்தான் இருந்தது.

மூன்றரைக்கு வந்தார்கள். தலைவர் சர்க்கரைக்காரர், கை நடுங்கியது. நான் பானையைக் கழுவிக் கவிழ்த்திருந்தேன்.

"மணியாச்சுன்னு ஒரு ஆள விட்டுச் சொல்லக்கூடாதாம்மா?"

"அந்த ஆளத்தான் சார் நேத்து தூக்கிட்டீங்க."

தலைவர் என்னையே பார்த்தார். மெல்லத் தலையாட்டினார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். 'நைனாவுக்கு வேல திரும்பக் கெடச்சிடும்டி' என்று மகளுக்குப் போனே போட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. குழுவுக்குச் சாப்பாட்டு நேரத்தை நினைவூட்டச் சென்னையிலிருந்து ஒரு தனி அலுவலர். நான்காவது கார்.

அவர் பன்னிரண்டரைக்கே என் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, அப்புறம்தான் போய்த் தலைவரை எழுப்புகிறார். அவருக்கு என் வீட்டுக்காரர் இலை போடுகிறார். படிப்பை விட்டுவிட்டு வந்த அறிவுமதி, பின்னால் பாத்திரம் கழுவுகிறாள்.