மூன்று முறை அழைத்தும் வரவில்லை

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடிச் சலித்துப்போய், கணவரின் செருப்பிலேயே காலை நுழைத்துக்கொண்டாள். இரண்டு விரல்கடை பெரிது. ஓடவா போகிறாள்?

"எங்கம்மா கிளம்பிட்ட?" கணவரின் அண்ணன் வழிமறித்தார்.

"ஆஸ்பத்திரிக்கு, மாமா. இன்னைக்கு மீட்டிங்."

"பைத்தியமா உனக்கு? அவனை நடுவீட்டுல போட்டுட்டு! போனவன் திரும்பி வரவா போறான்?"

"மூணு மணிக்குத்தானே எடுக்கறீங்க? வந்துடுவேன்."

"நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரையும் அதுவரைக்கும் அவர்கிட்ட உக்காந்திருக்கச் சொல்லுங்க."

தெருமுனையில் சின்ன டாக்டரின் கார் நின்றது. புற்றுநோய்ப் பிரிவில் அவரைவிட மூத்தவர்கள் ஐந்து பேர் இருந்ததால், நாற்பது வயதிலும் அவர் சின்ன டாக்டர்தான். நேற்று மாலை துக்கம் கேட்க வந்தபோது அவர் வரிசை விதி பற்றிய இந்த மீட்டிங்கைப் பற்றி மூச்சு விடவில்லை. கூட வந்த நர்ஸ்தான் வாய் தவறி உளறிவிட்டாள். அந்த நிமிஷமே, தானும் வருவதாக இவள் சொல்லிவிட்டாள்.

அந்த ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு ஒரு வரிசை உண்டு. பேரை மூன்று முறை கூப்பிடுவார்கள். பதில் வராவிட்டால் ஃபைலில் 'வரவில்லை' என்று எழுதி, வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். கடைசி என்றால் ஒன்பது வாரம். அவள் கணவர் இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டர். அவர் போட்ட சத்தத்தில் படிக்கட்டில் தொங்கியவர்கள் எல்லாம் தானாக உள்ளே போவார்கள். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. பேர் கூப்பிட்ட அன்று அதிலிருந்து காற்றுகூட வரவில்லை. இவளோ கீழே ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். அவர் ஃபைலிலும் 'வரவில்லை' என்று எழுதிவிட்டார்கள். மூன்று பிரதி கேட்டிருந்தார்கள். அந்த மூன்று தாளுக்காக அவள் தன்னைத் திட்டிக்கொள்ளாத நாளில்லை.

பத்தரை மணிக் கூட்டம் பன்னிரண்டுக்குத் தொடங்கியது. நீள மேஜையின் தலைப்பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர். இரு பக்கமும் டாக்டர்கள், தங்கள் விரல்நகங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

"சிபாரிசுக் கடிதத்தோட வர்றவங்களை ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வர்றோம், சார். பேச முடியாதவங்களைக் கூப்பிட்டுப் பதில் வரலைன்னு தள்ளிவிடறோம். இந்த வருஷம் மட்டும் முப்பத்தோரு பேர்," என்றார் சின்ன டாக்டர்.

"அவங்க வந்திருந்தாங்கங்கறதுக்கு என்ன ஆதாரம், டாக்டர்? ஒரே ஒருத்தருக்குக் காட்டுங்க, விதியை மாத்திடலாம்," என்றார் கண்காணிப்பாளர்.

வருகிறவர்களின் எடையைப் பதியும் குறிப்பேட்டை, நர்ஸ் அந்த நாளின் பக்கத்தில் விரித்து வைத்தாள். கண்டக்டரின் எண், ஐம்பத்திரண்டு கிலோ, காலை பத்து இருபது. பேர் கூப்பிட்டது பத்து நாற்பதுக்கு.

"நடுவுல வெளிய போயிருக்கலாமே?"

"வெளிய போனது நான், சார்," என்று இவள் எழுந்தாள். "எழுந்தா இடம் போயிடும்னு அவர் தண்ணிகூடக் குடிக்கலை. நான் திரும்பி வந்தப்ப கடைசி பெஞ்சுல கையைத் தூக்கிட்டே உக்காந்திருந்தாரு. கையை இறக்குங்கன்னு சொன்னதே நான்தான்."

டாக்டர்களுக்கு விரல்நகங்களும் போதவில்லை போலிருக்கிறது.

"உங்க துக்கம் புரியுதும்மா. பரிசீலிக்கறோம். நீங்க வீட்டுக்குப் போங்க."

"அந்த வரியை அடிச்சிட்டு, வந்திருந்தார்னு எழுதுங்க. போறேன்."

"இன்னைக்கே எப்படி..."

"அவரை வீட்டுல படுக்க வச்சிருக்கேன், சார். நான் இல்லாம எடுக்க மாட்டாங்க. நீங்க எழுதாம நான் நகர மாட்டேன்."

கண்காணிப்பாளர் சின்ன டாக்டர் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் உங்க ஏற்பாடா? உங்களை மாத்தறதுக்கு எவ்வளவு நேரமாகும் தெரியுமா?"

"தெரியும், சார். அதுக்கு ஒன்பது வாரம் ஆகாது."

அதுவரை வாய் திறக்காத ஒரு மூத்த டாக்டர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி, ஃபைலின் மேல் வைத்தார். பக்கத்தில் இருந்தவர் ஃபைலைக் கண்காணிப்பாளர் பக்கம் நகர்த்தினார். அவர் பேனாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோடு போட்டு அடித்து, எழுதினார். இவள் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"கையெழுத்து, சார். தேதியும்."

அதையும் போட்டார். "மீதி முப்பது ஃபைலையும் எடுத்துட்டு வாங்க," என்று சின்ன டாக்டர் நர்ஸிடம் சொல்வது காதில் விழ, அவள் வெளியே வந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் போய் அழலாம் என்று விழுங்கிக்கொண்டாள்.

நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தைக் கடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும். முந்நூறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து குமாஸ்தா யாரோ ஒருவரின் பேரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"இருங்க, எழுதாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது.

"யாரும்மா நீங்க? அவரோட ஆளா?"

"ஆமா."

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டாகியிருந்தது. முதல் பெஞ்சிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவர் கையிலும் இருந்த அட்டையில் அந்தப் பேர் இருக்கிறதா என்று குனிந்து படித்துக்கொண்டே போனாள்.