நேற்று எடுத்த வீடியோ

முப்பத்தொரு வருடமாக அந்தக் கால்பந்து கிளப்பின் பயிற்சி மைதானத்தில் புல் வெட்டுகிறவர் அவர். புல்லுக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். தங்கமான மனிதர், ஆனால் சந்தேகப் பிராணி. மழை வரும் என்று டிவியில் சொன்னால் வெளியே போய் வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மருந்துக் கடைக்காரரிடம் நீட்டி, "இது அதுதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் விழுங்குவார். அப்படிப்பட்டவருக்கு ஐந்து வாரமாக மூக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது.

காரணம், மின்னல். அது பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர். வேறொரு கிளப்பிலிருந்து இரவலாக வந்திருந்த முன்வரிசை ஆட்டக்காரன். அவன் விமானத்தை விட்டு இறங்கியது முதல் பக்கச் செய்தி, முடி வெட்டிக்கொண்டது மூன்றாம் பக்கச் செய்தி. ஒரு சேனல் 'நூறு வருடத்துக்கு ஒரு கால்' என்று தலைப்புப் போட்டு, அவனுடைய இடது காலை மட்டும் அரை மணி நேரம் காட்டியது. அட, கால்தானே ஐயா, அதை எத்தனை நேரம் பார்ப்பது! சீசன் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. நம் கிளப்புக்காக அவன் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை.

அவனைச் சொந்தமாக வாங்கப் பெரிய தொகை வேண்டும். அதற்கு நிர்வாகம் கண்டுபிடித்த வழி, பயிற்சி மைதானத்தை விற்பது. ஆனால் அந்த நிலம் ஒரு காலத்தில் ரசிகர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிக் கொடுத்தது. ரசிகர் மன்றத்தின் செயலாளர் கையெழுத்துப் போடாமல் ஒரு பிடி மண்ணைக்கூட விற்க முடியாது. அதைப் பேசி முடிக்கச் சனிக்கிழமை மத்தியானம் மன்றத்தில் கூட்டம். மைதானம் போனால் புல்லுக்காரரின் வேலையும் அதோடு போகும். செயலாளர் வேறு யாருமில்லை, அவருடைய சொந்த மச்சினன். மனைவியின் தம்பி, பஸ் டிரைவர்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அந்த மச்சினன் மின்னல் பேர் போட்ட ஜெர்சியோடு வீட்டுக்கு வந்தான். தலைகால் புரியாத சந்தோஷம்.

"மாமா, இதப் பாருங்க! இன்னிக்குக் காலைல ப்ராக்டிஸ்ல எடுத்ததாம். பதினோரு ஷாட், பதினோரு கோல்!"

"மெதுவாப் பேசுடா. இப்பத்தான் குழந்தை தூங்குது" என்றாள் அக்கா. உள்ளறையில் மகளும் பேத்தியும் படுத்திருந்தார்கள்.

புல்லுக்காரர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். அவர் மின்னலைப் பார்க்கவில்லை. புல்லைப் பார்த்தார்.

"இது இன்னிக்கு எடுத்தது இல்ல மாப்ள."

"ஆரம்பிச்சிட்டீங்களா!"

"பத்து நாளா நான் கட்டம் கட்டமாத்தான் வெட்டறேன். இதுல நீளக் கோடு ஓடுது பாரு."

வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் ஓர் உருளை இருக்கும். அது போகிற பக்கமாகப் புல்லைச் சாய்த்துவிடும். போகும்போது வெளிர் கோடு, திரும்பி வரும்போது கரும் கோடு. குறுக்கிலும் ஒரு தடவை ஓட்டினால் கட்டம் விழும். மற்றவர்களுக்கு எல்லாமே பச்சை. அவருக்கு அது சொந்தக் கையெழுத்து மாதிரி.

"இன்னொன்னும் கேளு. அவன் இடது காலால அடிக்கறவன். வலது குதிகாலை ஊனித் திருப்பினா ஒரு கைப்பிடி மண்ணு பேந்துடும். அவன் முதல் தடவை ஆடின அன்னிக்கு எட்டுக் குழி. மறுநாள் நான்தான் மணல் போட்டு அடைச்சேன். அதோட சரி. மைதானத்தைச் சுத்தித் துணி கட்டிட்டானுங்க, காலைல எட்டரைக்கு எங்களை வெளிய அனுப்பிடறானுங்க. மத்தியானம் போய்ப் பார்த்தா மத்தவங்க குழியெல்லாம் இருக்கு, இவன் குழி மட்டும் ஒண்ணுகூட இல்ல. பதினோரு ஷாட்டையும் காத்துல நின்னு அடிச்சானா?"

"புது பூட்ஸ் போட்டிருப்பான் மாமா. இல்ல, கோச் ஸ்டைலை மாத்தியிருப்பாரு."

ரசிகனிடம் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பான்!

"போன வருஷம் சிங்கம்னு ஒருத்தனை வாங்கினீங்களே, என்ன ஆச்சு? பதினாலு மேட்ச், ஒரு கோல் இல்ல. பேப்பர்ல மட்டும்தான் கர்ஜனை."

"அது வேற, இது வேற."

"ஒவ்வொரு வருஷமும் இது வேறதான். எனக்கு ஒரு சந்தேகம் மாப்ள. ஆளை வாங்கறதுக்காக நிலத்தை விக்கறானுங்களா, நிலத்தை விக்கறதுக்காக ஆளை வாங்கறானுங்களா?"

மச்சினன் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். "இதையெல்லாம் கூட்டத்துல பேசி வெச்சிடாதீங்க. வேலை போயிடுமேன்னு பேசறாருன்னு சொல்வாங்க."

"நீ என்ன சொல்ற?"

அவன் ஜெர்சியின் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டான். "நானும் அப்படித்தான் நினைக்கிறேன்."

அந்த வார்த்தை புல்லுக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து போய்க் கை கழுவினார். ஏற்கெனவே கழுவிய கைதான்.

மறுநாள் மன்றத்துக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் ஜன்னல் விளிம்பிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நூறு பேருக்கு மேல். மேடையில் ஒரு மேசை, அதன் மேல் ஒப்பந்தக் காகிதம், ஒரு பேனா. மேசைக்குப் பின்னால் மச்சினன். பக்கத்தில் கிளப்பின் ஊடக மேலாளர். ரசிகர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் மைக். கையில் மைக் இல்லாவிட்டாலும் மைக் பிடித்த மாதிரியே பேசுவார்.

"எவ்வளவு ஆனா என்ன? கப்பு வந்தா சரி!" என்று முன்வரிசையிலிருந்து கத்தினார் டயர் கடைக்காரர்.

"போன வருஷமும் இதத்தான் சொன்னே. சிங்கம் போஸ்டரை இன்னும் உன் கடைல டயர் மூடத்தான் வெச்சிருக்கே!" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, கூடமே சிரித்தது.

"பேச்சு எதுக்கு? நம்ம மின்னலே பேசட்டும்" என்று மைக் விளக்கை அணைக்கச் சொன்னார். சுவரளவு திரையில் அதே வீடியோ ஓடியது. மூலையில், 'நேற்றைய பயிற்சி' என்று கொட்டை எழுத்து. பந்து வலையில் மோதும் ஒவ்வொரு தடவையும் கூடம் எழுந்து எழுந்து உட்கார்ந்தது.

புல்லுக்காரர் மட்டும் எழவில்லை. சின்னப் போனில் தெரியாத ஒன்று பெரிய திரையில் தெரிந்துவிட்டது. கோல் கம்பத்துக்கு இடது பக்கம் மூன்றாவது கோடு. அது நேராக வந்து, நடுவில் முழங்கை மாதிரி வளைந்து, பிறகு பக்கத்துக் கோட்டைத் தின்றுவிட்டு ஓடியது.

அந்தக் கோடு அவருக்கு மறக்குமா? அன்று காலை ஏழு மணிக்கு அவர் வெட்டிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மச்சினன். "மாமா, பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நீங்க தாத்தா!" இயந்திரம் அதுபாட்டுக்குப் போக, அவர் அழுதுகொண்டே பின்னால் நடந்திருக்கிறார். எட்டு மணிக்கு மச்சினன் வண்டியோடு அவரை அழைத்துப் போக வந்தான். கோட்டைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தான். போட்டோ எடுத்து, 'தாத்தா போட்ட கோடு' என்று எழுதிக் குடும்பத்துக் குரூப்பில் போட்டான். கோணல் வேலையை ஊரே பார்க்கவா என்று அவர் கோபித்துக்கொண்டதால் அடுத்த நிமிடமே குரூப்பிலிருந்து எடுத்துவிட்டான். மறுநாள் காலையில் முதல் வேலையாகப் புல்லுக்காரர் அதை நேராக வெட்டிவிட்டார். அந்தக் கோணல் கோடு உயிரோடு இருந்தது ஒரே ஒரு நாள், மின்னல் முதல் தடவை ஆடிய நாள்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்று எழுந்தார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "இது நேத்து எடுத்தது இல்ல. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நேத்து புல்லு கட்டம் கட்டமா இருந்தது. சந்தேகம்னா வாங்க, பக்கத்துலதானே இருக்கு, வந்து பாருங்க."

மைக் சிரித்தார். பெரிய மனதோடு சிரிக்கிற சிரிப்பு. "ஐயா, புல்லை வெட்டறது யாரு? நீங்கதானே? நேத்து கோடு போட்டிருப்பீங்க, இன்னிக்குக் காலைல கட்டம் போட்டிருப்பீங்க. மைதானம் போனா யாருக்கு வேலை போகும்னு இங்க எல்லாருக்கும் தெரியும்."

கூடம் சிரித்தது. "பாவம், புல்லைத் திங்கறவருக்குத்தானே கஷ்டம்!" என்றார் டயர் கடைக்காரர். புல்லுக்காரருக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்த ஆள் சொன்னதில் நியாயம் இருப்பதுதான் எரிச்சல். அவர் காட்டுகிற சாட்சியை எல்லாம் அவரே உண்டாக்க முடியும். அவர் சொன்னால் எடுபடாது.

"சரி, நான் பொய் சொல்றேன்னே வெச்சுக்குங்க" என்றார். "மூணாவது கோடு வளைஞ்சிருக்கு பாருங்க. முப்பத்தொரு வருஷத்துல நான் கோணலா வெட்டினது ஒரே ஒரு தடவை. அது என்னிக்கு, எதனாலன்னு அந்த மேடைல உக்காந்திருக்கறவருக்குத் தெரியும். அவர்கிட்ட போட்டோ இருக்கு. என்னை நம்ப வேணாம். அவரைக் கேளுங்க."

நூறு தலைகளும் மச்சினன் பக்கம் திரும்பின. அவன் திரையைப் பார்த்தான். ஐந்து வாரமாகத் தெருத்தெருவாகப் போய் மின்னலுக்கு ஆதரவு திரட்டியவன் அவன். மெதுவாகப் போனை வெளியே எடுத்தான். கட்டைவிரல் திரைமேல் தள்ளிக்கொண்டே போனது, பிறகு நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

அழிக்கிறான் என்று நினைத்தார் புல்லுக்காரர். 'அப்படி ஒண்ணும் இல்லையே மாமா' என்று சொல்லப்போகிறான். கூடப் பிறந்தவளின் புருஷன் என்றுகூடப் பார்க்க மாட்டான்.

மச்சினன் எழுந்தான். மேடையை விட்டு இறங்கி, திரைக்கு அருகில் போய், போனை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தான். அதே கம்பம். ஓரத்தில் அதே நீலக் குப்பைத் தொட்டி. அதே வளைவு.

"என் அக்கா பொண்ணுக்குக் குழந்தை பொறந்த அன்னிக்கு நான் எடுத்த போட்டோ இது" என்றான். "இன்னியோட முப்பத்தெட்டு நாள். மறுநாளே மாமா இதை நேராக்கிட்டாரு."

மைக் தொண்டையைக் கனைத்தார். "தேதி போட்டதுல ஒரு சின்னத் தவறு நடந்திருக்கலாம்..."

"அதனால என்ன?" என்று துள்ளி எழுந்தார் டயர் கடைக்காரர். "போன மாசம் இப்படி அடிச்சவன் இந்த மாசம் அடிக்க மாட்டானா?" பாதிக் கூடம் கை தட்டியது. புல்லுக்காரருக்கு நாற்காலியைத் தூக்கி அடிக்கலாம் போலிருந்தது. கண்ணில் மண்ணைத் தூவினார்கள் என்று காட்டினால், மண்ணு நல்ல மண்ணுதான் என்கிறார்களே!

மச்சினன் கையைத் தூக்கி அமர்த்தினான். மேசைக்குத் திரும்பிப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான். "சார், சண்டை வேணாம். மின்னல் கிளப் விடுதிலதானே தங்கியிருக்கான்? அஞ்சு நிமிஷ தூரம். கூப்பிடுங்க. மைதானத்துல பத்து நிமிஷம் ஓடட்டும். பந்துகூட வேணாம். காலு நல்லா இருக்குன்னு தெரியற மாதிரி ஓடினா போதும், அங்கயே கையெழுத்துப் போடறேன்."

"அவருக்கு இன்னிக்கு ஓய்வு நாள்..."

"பரவால்ல. பத்து நிமிஷம்தான்."

மைக் போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கூட்டம் எழுந்து மைதானத்துக்கு நடந்தது. சுற்றிக் கட்டியிருந்த துணியை யாரோ அவிழ்த்துவிட்டார்கள். உள்ளே கட்டம் கட்டமாகப் பச்சை. எல்லைக் கோட்டை ஒட்டி எல்லோரும் வரிசையாக நின்றார்கள். புல்லுக்காரர் நிற்பதைப் பார்த்து ஒருவரும் புல்லில் கால் வைக்கவில்லை.

கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. வெயில் பிடரியைச் சுட்டது. சிலர் செய்தித்தாளைத் தலைக்குப் பிடித்துக்கொண்டார்கள், முதல் பக்கத்தில் மின்னல் சிரித்துக்கொண்டிருந்தான். விடுதிப் பக்கமிருந்து ஒவ்வொரு தடவை கதவுச் சத்தம் கேட்டபோதும் நூறு கழுத்துகள் திரும்பின. ஒரு தடவை தோட்டக் குழாயோடு ஓர் ஆள் வந்தான். இன்னொரு தடவை பூனை வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து டயர் கடைக்காரர் சுருதி இறங்கிப்போய்ச் சொன்னார்: "ஓட வேணாம்ப்பா. நடந்தாவது வரச் சொல்லுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. யாரும் வரவும் இல்லை.

மைக் மட்டும் திரும்பி வந்தார். நேராகப் புல்லுக்காரரிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க வர வேணாம்" என்றார்.

பின்னாலிருந்து மச்சினன் எட்டிப் பார்த்தான். "சார், அதை இன்னொரு தடவை சொல்லுங்க. வீடியோ எடுக்கறேன். கவலைப்படாதீங்க, இன்னிக்கு எடுத்ததை இன்னிக்கே போட்டுடுவேன்."

மைக் அவனையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பின்வாசல் வழியாக அவருடைய கார் கம்பி நீட்டிவிட்டது. கூட்டமும் கலைந்தது. போகும்போது டயர் கடைக்காரர் புல்லுக்காரரின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் மாமனும் மச்சினனும் மட்டும் நின்றார்கள். மச்சினன் கையெழுத்தில்லாத காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தான். ஜெர்சி முதுகில் வியர்வையில் ஒட்டியிருந்தது, மின்னலின் பேர் சுருங்கிப்போயிருந்தது.

"மாமா, மேடைல நான் போனை எடுத்தப்ப, போட்டோவை அழிச்சிடுவேன்னு நினைச்சீங்களா?"

"சேச்சே! என்ன பேச்சுடா இது."

"மாமா."

புல்லுக்காரர் குனிந்து புல்லைப் பார்த்தார். இந்த ஒரு விஷயத்திலாவது தன் சந்தேகம் பொய்யாகிப் போனதே என்று அவருக்கு வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது.

"நினைச்சேன் மாப்ள. மன்னிச்சுக்கோ."

"எதுக்கு மன்னிப்பு?" என்றான் மச்சினன். "நானும் அதைத்தான் நினைச்சேன்."